காலதர் முதல் மின்விசிறி வரை: புங்குடுதீவு வீடுகளும் புலம்பெயர் குளியலறைகளும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் உறவினர் ஒருவரின் மாடிக் குடியிருப்பில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அவர்களும் எங்கள் புங்குடுதீவைச் சேர்ந்தவர்களே. மாரிகாலம். யன்னலின் மேற்சட்டத்தில் காற்று வருவதற்கென விடப்பட்டிருந்த நீண்ட துவாரத்தில் பழைய பத்திரிகைத் தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகைத் தொழிலிற் கழித்தவன் நான். நாங்கள் அச்சிட்ட தாள்கள் கச்சான் சுருட்டவும் அலுமாரித் தட்டில் விரிக்கவும் பயன்படுவதைக் கண்டிருக்கிறேன். காற்றை அடைப்பதற்கும் அவை பயன்படுவதை அன்றுதான் கண்டேன்.

அந்த வீட்டின் படுக்கையறையில், அலுமாரிக்குப் பின்னாலிருந்த சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. சிறு பிள்ளை இரவெல்லாம் இருமியது. குளியலறையிலிருந்த வெளியேற்றும் மின்விசிறியின் ஆளி நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருந்தது. "சத்தம் போடுகிறது, மின்கட்டணமும் ஏறுகிறது" என்றார் வீட்டுக்காரர். வாடகை முகவரிடம் முறையிட்டபோது, "நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள், அதிகம் குளிக்கிறீர்கள்" என்று பதில் வந்ததாம். அதைச் சொல்லும்போது அந்த வீட்டுப் பெண்மணி தலையைக் குனிந்துகொண்டார். குளிப்பதும் சமைப்பதும் வெட்கப்படவேண்டிய காரியங்களாக எப்போது மாறின என்ற கேள்வி என் மனதில் நெடுநாள் இருந்தது. அதற்கு விடை தேடுவதென்றால் புங்குடுதீவிலிருந்தே தொடங்கவேண்டும்.

காற்றுக்கு நடுவே ஒரு தீவு

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவு, வேலணையுடன் கடலை ஊடறுக்கும் தாம்போதியால் இணைக்கப்பட்டது. அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்தே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. மலையோ காடோ மறிக்காத தட்டையான நிலம். சோளகமும் வாடையும் கச்சானும் கொண்டலும் தங்கள் தங்கள் காலத்தில் தடையின்றி வீசும். குடிநீர் அருமையாகக் கிடைத்த அந்தத் தீவில் காற்றுக்கு மட்டும் என்றும் பஞ்சம் இருந்ததில்லை.

பனையோலை வேய்ந்து, மண்சுவரோ செத்தையோ கொண்ட வீடுகளே முற்காலத்தில் அதிகம். ஓலைக்கூரைக்கும் சுவருக்கும் இடையில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். தீவு மக்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வணிகம் செய்து பொருளீட்டியபோது கல்வீடுகளும் நாற்சார் வீடுகளும் எழுந்தன. நாற்சார் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று இலேசாகி அந்தத் திறப்பின் வழியே மேலெழ, தலைவாசலாலும் யன்னல்களாலும் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி என்ற இரண்டுமே அந்த வீட்டின் அமைப்பில் இருந்தன. சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணம் வளர்வதற்கும் இடங்கொடாது.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. வீட்டில் ஈரத்தையும் புகையையும் நாற்றத்தையும் உண்டாக்கும் மூன்று காரியங்களும் வசிக்கும் அறைகளுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. குளிப்பு கிணற்றடியில், பெண்களுக்கெனக் கிடுகு மறைப்பு இருக்கும். சமையல், பெரும்பாலும் பிரதான வீட்டைவிட்டு விலகி நின்ற குசினியில். மலசலகூடம் வளவின் கடைக்கோடியில். இறைத்து ஊற்றிய நீர் வாழையடிக்குப் போகும். ஆவி வானத்துக்குப் போகும். ஈரத்தை வெளியேற்றும் இயந்திரம் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இச்சொற்களும் தமக்கென ஒரு வரலாறு உடையவை. குசினியும் யன்னலும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. கக்கூசு ஒல்லாந்தர் வழிவந்தது. அவர்கள் வருவதற்கு முன்னரே தமிழில் சாளரம் இருந்தது. அதனிலும் அழகான காலதர் என்ற சொல்லும் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மான்கண் வடிவில் அமைந்த காலதர்களைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. விண்டோ என்ற ஆங்கிலச் சொல்லும், 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்ததே. வெளிச்சத்துக்கும் வேடிக்கைக்கும் முன்னதாக, காற்றின் பொருட்டே மனிதன் சுவரைத் துளைத்தான் என்பதை இரு மொழிகளும் நினைவில் வைத்திருக்கின்றன.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குசினிகளில் எங்கள் தாய்மார் விறகுப் புகையைச் சுவாசித்தே கண் கலங்கினர், இருமினர். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணிப்பிட்டுள்ளது. வீடு முழுவதற்கும் காற்றை யோசித்தவர்கள், அடுப்படியில் நின்றவளின் மூச்சைப் போதிய அளவு யோசிக்கவில்லை.

சக்கரம் சுழற்றியவர்

காற்று தானாக வராத இடங்களில்தான் விசிறியின் வரலாறு தொடங்குகிறது. ஐரோப்பியச் சுரங்கங்களில் கையாலும் நீர்ச்சக்கரத்தாலும் விசிறிகள் இயக்கப்பட்டதை, 1556இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல் படங்களுடன் விளக்கியது. 1730களில் டெசாகுலியே என்ற அறிஞர், பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபையில் புழுங்கிய காற்றை அகற்ற ஒரு பெரிய விசிறிச் சக்கரத்தை அமைத்தார். அதனைக் கையால் சுழற்றுவதற்கு ஓர் ஆள் நியமிக்கப்பட்டார். அந்த மனிதருக்கே 'வென்டிலேற்றர்' என்று பெயர்.

1743இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் கப்பல்களுக்கும் சிறைச்சாலைகளுக்குமான காற்றோட்டக் கருவிகளைப் பற்றி நூல் எழுதினார். ஜெர்மனியின் பெட்டன்கோஃபர், 1858இல் அறைக் காற்றின் கெடுதியை அளக்கக் கரியமில வாயுவை அளவுகோலாக்கினார். பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு என்ற அவரது எல்லை இன்றும் பேசப்படுகிறது. அடுத்த ஆண்டில் வெளியான தாதியியற் குறிப்புகளில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் முதல் விதியாக வைத்தது காற்றையே. நோயாளியைக் குளிரில் நடுங்கவிடாமல், உள்ளேயுள்ள காற்றை வெளிக்காற்றைப்போலத் தூய்மையாக வைத்திருக்கவேண்டும் என்றார். குளிர் நாடுகளின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. காற்றும் வேண்டும், சூடும் போகக்கூடாது.

யன்னற் கண்ணாடியிலேயே பொருத்தக்கூடிய மின்விசிறியை வென்ட்-ஆக்சியா என்ற பிரித்தானிய நிறுவனம் 1936இல் அறிமுகப்படுத்தியது. ஆயினும் வீடுகளுக்கு அதன் தேவை பெருமளவில் எழுந்தது 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே. எரிபொருளின் விலை ஏற, மேலைநாட்டவர் வீடுகளை இறுக அடைத்தார்கள். புகைக்கூடுகள் மூடப்பட்டன, யன்னல்கள் இரட்டைக் கண்ணாடியாயின. அதுவரை விரிசல்களால் தானாகக் கசிந்துகொண்டிருந்த காற்று நின்றது. ஈரம் உள்ளே தங்கியது. கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் கட்டப்பட்ட சஸ்காச்சுவன் மாதிரி வீடு இதற்கொரு வழி காட்டியது. வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் கருவி அதில் இருந்தது.

1991இல் படை நடவடிக்கையின்போது புங்குடுதீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் தீவைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் பின்னர் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியமர்ந்தது, இவ்வாறு அடைக்கப்பட்ட வீடுகளில்தான். கிணற்றடியும் குசினியும் மலசலகூடமும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. குளியலறைகள் பலவற்றுக்கு யன்னலே இல்லை. புதிய வீட்டை எப்படிச் சுவாசிக்க வைப்பது என்று எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

ஒரு சிறிய விசிறியின் கணக்கு

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் அது முடியாது. 25 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம் மட்டுமே. வெந்நீர்க் குளிப்பால் ஆவி நிறைந்த காற்று குளிர்ந்த வெளிச்சுவரைத் தொடும்போது மீதி 14 கிராமும் நீர்த்துளியாகப் படிகிறது. அலுமாரிக்குப் பின்னால் காற்று அசையாததால் அங்கே சுவர் மேலும் குளிர்ந்திருக்கும். பூஞ்சணத்துக்கு அதுவே விளைநிலம். ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீடுகளில் சுவாசநோய்களும் ஆஸ்துமாவும் அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி விரிவாக எடுத்துரைத்தது.

மின்விசிறி அந்த ஆவி சுவரைச் சேருமுன் அதனை வெளியே தள்ளுகிறது. இங்கிலாந்தின் கட்டட விதிகளின்படி குளியலறை விசிறி வினாடிக்கு 15 லீற்றர் காற்றையாவது அகற்றவேண்டும். மணிக்கு 54 கன மீற்றர். சிறிய குளியலறையொன்றின் காற்று முழுவதும் ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கொரு முறை மாறும் அளவு அது. குளித்து முடிந்ததும் விசிறியை நிறுத்திவிடக்கூடாது. சுவரும் துவாயும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருப்பதால், மேலும் கால்மணி நேரமாவது ஓடவேண்டும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வராவிட்டால் விசிறி வீணே சுழலும். கதவின் அடியில் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்வது அதற்காகவே. அந்த இடைவெளியைக் கால்மிதியாலும் துவாயாலும் அடைப்பவர்கள் நம்மில் ஏராளம். நாற்சார் வீட்டின் இரட்டை வழித் தத்துவம்தான் இங்கும்: மேலே வெளியேற ஒரு வழி, கீழே நுழைய ஒரு வழி. விசிறியின் குழாய் வீட்டுக்கு வெளியே முடியவேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும். கூரையின் உட்புறத்தில் விட்டுவிட்டால் பனிக்காலத்தில் ஆவி உறைந்து கூரைமரத்தையே கெடுத்துவிடும்.

மின்கட்டணம்? 15 வாற்று விசிறி நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஆண்டு முழுவதற்கும் 11 அலகு மின்சாரமே செலவாகும். பிள்ளைக்கு வாங்கும் ஒரு போத்தல் இருமல் மருந்தின் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு குழந்தையின் பெயரில் ஒரு சட்டம்

இது வெறும் வீட்டுக் குறிப்பன்று என்பதை ரொச்டேல் நகரம் உலகுக்கு உணர்த்தியது. சூடானியப் பெற்றோரின் பிள்ளையான அவாப் இஷாக், 2020 டிசம்பரில், இரண்டாவது பிறந்தநாள் கழிந்த சில நாட்களில் இறந்தான். பூஞ்சணம் படர்ந்த வீட்டில் நீண்டகாலம் வாழ்ந்ததால் ஏற்பட்ட சுவாச நோயே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்த வீட்டின் காற்றோட்டம் போதியதாக இருக்கவில்லை. தந்தை 2017இலேயே முறையிட்டிருந்தார். சுவருக்கு வர்ணம் பூசும்படியே அவருக்குச் சொல்லப்பட்டது. குடும்பத்தின் வாழ்க்கை முறை பற்றித் தாம் தவறான ஊகங்கள் செய்ததாக வீட்டுவசதி நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது.

அதைப் படித்தபோது, தலையைக் குனிந்திருந்த அந்தப் பெண்மணியின் முகமே எனக்கு நினைவுக்கு வந்தது. அவாப்பின் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துள் சீர்செய்யவேண்டும். கடுமையான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுக்குள் ஆராயவேண்டும். மனிதர் குளிப்பார்கள், சமைப்பார்கள். அதைத் தாங்கும் வீட்டைத் தருவது வீடு தருபவரின் கடமை.

2009இல் போர் முடிந்தபின் புங்குடுதீவில் புலம்பெயர்ந்தோரின் பணத்தில் புதிய வீடுகள் எழுந்துள்ளன. கொங்கிறீற்றுத் தட்டு, கண்ணாடி யன்னல், படுக்கையறையோடு இணைந்த குளியலறை. ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக்கிடந்து, ஆடியில் திறக்கும்போது ஈரவாடை முகத்திலறையும் வீடுகளும் அவற்றுள் உண்டு. அருகிலேயே கூரை சரிந்த பழைய நாற்சார் வீட்டின் முற்றத்தில் சோளகம் வழக்கம்போல வந்து போகிறது.

இலண்டன் உறவினர் வீட்டிலிருந்து புறப்படுமுன் யன்னற் துவாரத்திலிருந்த பத்திரிகைத் தாளை உருவி எடுத்தேன். விசிறியின் ஆளியையும் போட்டேன். அது கொஞ்சம் சத்தம் போட்டது. போடட்டும் என்றேன்.