தப்பாகச் சொன்னவர் பெயரில் ஒரு நோய்

எங்கள் செந்துறைப் பக்கம் நெஞ்செரிச்சலை யாரும் நோய் என்று சொல்வதில்லை. "கேஸ்" என்பார்கள். ஒரு சோடா, கொஞ்சம் ஓமத்தண்ணீர், அதற்கும் கேட்காவிட்டால் மெடிக்கலில் ஒரு மாத்திரை. சாப்பிட்டது புளித்து மேலே வந்தால் எதுக்களிப்பு. இந்த எதுக்களிப்பு வருடக்கணக்கில் தொடர்ந்தால் உணவுக்குழாயை என்ன செய்யும் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்த கதை கொஞ்சம் வேடிக்கையானது.

இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது என்று 1935-ல் நியூயார்க் மருத்துவர் ஆஷர் விங்கிள்ஸ்டீன் எழுதினார். புண் ஆறித் தழும்பானால் குழாய் சுருங்கும், சோறு இறங்காது. இதுவரை குழப்பமில்லை. ஆனால் சிலருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வழக்கமான வெளிறிய சவ்வுக்குப் பதிலாக, இரைப்பையில் இருப்பது போன்ற சிவந்த சவ்வு இருந்தது. அது எப்படி அங்கே வந்தது?

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் நார்மன் பேரெட் 1950-ல் ஒரு விளக்கம் சொன்னார். அது உணவுக்குழாயே இல்லையாம். உணவுக்குழாய் பிறவியிலேயே குட்டையாக இருப்பதால் மார்புக்குள் இழுக்கப்பட்ட இரைப்பையாம்! சாதாரண ஆள் இல்லை அவர். தானாகக் கிழிந்த உணவுக்குழாயை 1947-ல் முதன்முதலில் வெற்றிகரமாகத் தைத்தவர். அவர் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா?

கேட்காதவர்கள் இருவர் இருந்தார்கள். லீட்ஸ் நகரத்து ஆலிசனும் ஜான்ஸ்டனும் 1953-ல் அதை மறுத்தார்கள். இரைப்பை என்றால் வெளியே வயிற்றறை உறை போர்த்தியிருக்க வேண்டும், இங்கே அது இல்லை. தசையும் சளிச்சுரப்பிகளும் உணவுக்குழாயுடையவை. உள்சவ்வு மட்டும்தான் வேறு. இப்படி மறுத்த கையோடு, அந்த இடத்தில் வரும் புண்ணுக்கு "பேரெட் புண்" என்று பெயரும் வைத்தார்கள் :-) 1957-ல் பேரெட் அது உணவுக்குழாய்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பிறவிக் கோளாறு என்ற எண்ணத்தை விடவில்லை. பெயரும் அவரை விடவில்லை.

பிறவிக் கோளாறு இல்லை, அமிலம் செய்த வேலை என்பதற்கு 1970-ல் நாய்களிடம் செய்த சோதனை வலுவான ஆதாரம் தந்தது. உள்சவ்வை உரித்துவிட்டு அமிலம் ஏறும்படி விட்டால், ஆறும்போது அந்த வேறுவகைச் சவ்வே வளர்ந்தது. 1975-ல் சுவிட்சர்லாந்தில் நேஃப் குழுவினர் இப்படிச் சவ்வு மாறிய 140 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 12 பேருக்குப் புற்றுநோய். அதன்பின் யாரும் இதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. பயப்படவும் வேண்டாம், செல்கள் கெடாத நிலையில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோயாகிறது என்பது இன்றைய கணக்கு.

நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பகுதி இந்த வகை இல்லை. புகையிலை, வெற்றிலைபாக்கு, சாராயத்தோடு சேர்ந்து வரும் செதிள்செல் வகை. இரண்டுக்கும் முக்கியமான அறிகுறி ஒன்றுதான்: விழுங்கும்போது சோறு நெஞ்சில் மாட்டும், போகப்போகத் தண்ணீர்கூட இறங்காது. சவ்வு மாறுவதோ வெளியே தெரியாது, எண்டோஸ்கோப்பியில்தான் தெரியும். எங்கள் பக்கம் சோறு மாட்டுவதற்கும் பெயர் "கேஸ்"தான், மருந்தும் அதே சோடாதான்.