ஒப்புதல் வாக்குமூலமும் உழைப்பாளர் மௌனமும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

தனக்கெதிராகத் தானே சாட்சியளிக்குமாறு எவரையும் நிர்ப்பந்திக்கலாகாது என்பது சட்டத்தின் நிலைபேறான அறமெனப் போற்றப்படுகின்றது. ஆயின், வாக்குமூலத்தை எழுதும் பேனா யார் கையிலுள்ளது என்ற வினாவைத் தவிர்த்து இவ்வுரிமையின் வரலாற்றை எழுதவியலாது என்பதே நமது துணிபு.

பொலிசாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலை 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்க மறுத்தது. அதே காலத்திற் பதுளைத் தோட்டங்களில் நிலவிய நியதியோ வேறு. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டகலுதல் சிறைக்குரிய குற்றம். கடனைக் குறித்துத் துரை வழங்கிய 'துண்டு' தொழிலாளியைப் பிணித்தது. துண்டுமுறை 1921இல் ஒழிந்தது. பிறர் எழுதிய தாள் உழைப்பாளியின் விதியாவது ஒழியவில்லை.

1971 ஏப்ரல் 5ஆம் நாள் ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையத் தாக்குதலோடு கிளர்ச்சி வெடித்தது. கிளர்ந்தோர் பெரும்பாலும் சிங்களக் கிராமப்புற இளைஞர். அவர்களை விசாரிக்கவென வந்த 1972ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் பழைய காப்பினை அகற்றிற்று. அச்சட்டம் 1977இல் நீக்கப்பட்டதெனினும், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதே கருவியைத் தமிழர் மீது திருப்பியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் செல்லும். அது பலவந்தத்தாற் பெறப்பட்டதென நிறுவும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது.

இதன் விளைவைச் சிங்கராசா வழக்கு காட்டுகின்றது. 1993இற் கைதான அவர் கிழக்கிலங்கைத் தமிழ்க் கூலித்தொழிலாளி, சிங்களம் அறியாதவர். சிங்களத்தில் தட்டெழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவரது பெருவிரல் அடையாளம் இருந்தது. 1995இல் மேல் நீதிமன்றம் அதனையே ஆதாரமாகக் கொண்டு 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. சித்திரவதையை நீதவானிடம் முறையிடாமை அவருக்கெதிராகவே கொள்ளப்பட்டது. பேசாதிருக்கும் உரிமை மறுக்கப்பட்டவர், பேசாதிருந்தமைக்காகவும் ஐயுறப்பட்டார்!

நீதவானிடமிருந்து பொலிஸ் காவலுக்கே மீளவேண்டியவர் எங்ஙனம் முறையிடுவார்? 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு இதனைச் சுட்டி, உரிமை மீறப்பட்டதெனக் கண்டது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றமோ, அக்குழுவிடம் தனியாள் முறையிட வழிசெய்த 1997ஆம் ஆண்டு இணக்கம் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 16ஆம் பிரிவை நீக்கவில்லை.

பதுளைத் தோட்டத் தொழிலாளிக்கு இவ்வழக்கு அயலதன்று. தான் வாசிக்கவியலாத தாளினாற் கட்டுண்ட அனுபவம் அவன் மூதாதையருடையது. வெல்லவாயச் சிங்கள இளைஞனுக்கும் அயலதன்று. அக்காப்பினை இழந்தவன் அவனும். இவ்விரு நினைவுகளும் ஒன்றையொன்று அறியாதிருக்குமளவும் அச்சட்டத்திற்கு ஆயுள் நீளும்.