கீபோர்ட் வாங்கப் போகிறீர்களா? ரிதம் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள்

எங்கள் பக்கத்தில் கீபோர்ட் என்றால் கோயில் திருவிழா மேடை, கல்யாண வீடு, தேவாலயப் பாடகர் குழு என்பவைதான் நினைவுக்கு வரும். கடைக்காரரும் எத்தனை சத்தம், எத்தனை ரிதம் என்று எண்ணிச் சொல்லித்தான் விலை பேசுவார். இடது கையால் கோர்ட்ஸ் பிடித்தால் தாளமும் பேஸும் தானாகச் சேர்ந்து ஒலிக்கும் இந்த வகைக்கு அரேஞ்சர் கீபோர்ட் என்று பெயர்.

என்னிடம் சிலர் கேட்பது வேறு. "இரவில் நித்திரை வராதபோது ஆரவாரமில்லாமல் வாசிக்க எதை வாங்கலாம்?" ஷெல் சத்தத்துக்குள் வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்கும்போது அதைச் சின்ன விடயமாக நான் நினைப்பதில்லை. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் காசும் ஒருமுறைதான் வரும். ஆகவே அமைதியான பியானோ இசைக்குத் தேவையானவற்றை மட்டும் சொல்கிறேன்.

தொடுகை உணர்வு: மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலியும், வேகமாக அழுத்தினால் பலத்த ஒலியும் வரவேண்டும். யமஹா பிஎஸ்ஆர்-ஈ273, கசியோ சிடி-எஸ்200 ஆகியவற்றில் இந்த வசதி இல்லை. பிஎஸ்ஆர்-ஈ373, சிடி-எஸ்300 ஆகியவற்றில் உண்டு. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சஸ்டெய்ன் பெடல்: விரலை எடுத்த பிறகும் ஒலி நீள்வதற்கு இது வேண்டும். இணைக்கும் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெடலைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்கவேண்டும்.

பொலிபொனி: ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் நிலைக்கும் என்ற அளவு. ஈ273இல் 32, ஈ373இல் 48. பெடலை மிதித்தபடி வாசிக்கும்போது இது குறைவாக இருந்தால் பழைய ஒலிகள் அறுந்துபோகும்.

மின்சாரம்: எங்களுக்கு 230 வோல்ட். யப்பானில் 100, கனடாவில் 120. அங்கிருந்து வரும் அடாப்டரில் 100-240 என்று எழுதியிருக்காவிட்டால் செருகாதீர்கள். ஈ373, சிடி-எஸ்300 இரண்டும் 6 ஏஏ பற்றரியிலும் இயங்கும். கரண்ட் இல்லாத இரவுக்கு உதவும்.

எதை வாசிப்பது?

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1888இல் எழுதிய மூன்று ஜிம்னோபெடி துண்டுகளில் முதலாவதிலிருந்து தொடங்கலாம். அவர் 1925இல் இறந்துவிட்டதால் பதிப்புரிமை முடிந்துவிட்டது. ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்தில் அதன் நோட்ஸ் இலவசம். பியானோவில் 88 கட்டைகள், உங்கள் கீபோர்டில் பெரும்பாலும் 61. எட்டாத தாழ்ந்த சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள்.

கேட்டுப் பழகுவதற்கு பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் எயார்போர்ட்ஸ்' (1978), ஹரோல்ட் பட்டுடன் அவர் செய்த 'த பிளாட்டோ ஆஃப் மிரர்' (1980) இரண்டும் நல்லவை. ஆம்பியன்ட் என்ற வகைக்கு அந்தப் பெயர் நிலைத்தது ஈனோவால்தான்.

நோட்ஸ் வாசிக்கத் தெரியாதா? ரிதத்தை நிறுத்துங்கள். பியானோ ஒலியைத் தெரிவுசெய்து பெடலை மிதியுங்கள். இடது கையால் தாழ்ந்த ஜி, பிறகு பி-டி-எஃப் ஷார்ப் மூன்றும் சேர்த்து. அடுத்து தாழ்ந்த டி, பிறகு ஏ-சி ஷார்ப்-எஃப் ஷார்ப். ஒவ்வொரு மாற்றத்திலும் பெடலை விட்டு மீண்டும் மிதியுங்கள். சாட்டியின் முதல் துண்டும் இந்த இரண்டின் மேல்தான் தொடங்குகிறது. வலது கையால் ஒவ்வொரு சுரமாக, அவசரமில்லாமல் தேடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஹெட்போனையும் கொண்டுபோங்கள். ஒரே கட்டையை முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் அழுத்திக் கேளுங்கள். இரண்டும் ஒரே அளவில் ஒலித்தால், எத்தனை ரிதம் இருந்தாலும் அது உங்களுக்கான கீபோர்ட் அல்ல.