இரண்டு இலவசப் பெட்டிகளும் நடுவில் ஒரு வயரும்

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். கலைஞர் ஆட்சியில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. சரியாக ஐந்து வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 15. அதே அண்ணா பிறந்தநாள். ஜெயலலிதா ஆட்சியில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதலாவது 14 அங்குலப் பெட்டி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் போனது. இரண்டாவது மாணவர்களின் பைக்குள் போனது. ஒரே வீட்டுக்கு இரண்டும் வந்து சேர்ந்தது தமிழ்நாட்டில் சாதாரண விஷயம்.

இந்த இரண்டு பெட்டிகளும் உச்ச நீதிமன்றத்தில் சந்தித்தன. சுப்பிரமணியம் பாலாஜி தொடர்ந்த வழக்கில் டிவியும் லேப்டாப்பும் சேர்த்தே விசாரிக்கப்பட்டன. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆனால் வீட்டுக் கூடத்தில், நாலடி இடைவெளியில் இருந்த அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

லேப்டாப்பில் ஒரு படம் இருக்கிறது. அம்மா, தங்கச்சி எல்லாரும் சேர்ந்து டிவியில் பார்க்கலாமே என்று தோன்றும். லேப்டாப்பின் பக்கவாட்டில் பார்த்தால் நீல நிறத்தில் பதினைந்து ஓட்டைகளோடு விஜிஏ. டிவியின் பின்னால் பார்த்தால் மஞ்சளும் வெள்ளையுமாக ஏவி துளைகள், கூடவே கேபிள்காரர் செருகிவிட்டுப் போன வயர். கடையில் கேட்டால் ஒரு முனையில் விஜிஏவும் மறுமுனையில் மூன்று வண்ணப் பின்களும் உள்ள கேபிளை எடுத்துக் கொடுப்பார்கள். ஆசையாகச் செருகினால் படம் வராது. கேபிள் நல்லாத்தான் இருக்கும்.

காரணம் எளிமையானது. நம் ஊர் பழைய டிவி ஒரு படத்தை 625 கோடுகளாக, நொடிக்கு 25 முறை வரையும். அதாவது நொடிக்கு 15,625 கோடுகள். விஜிஏ நொடிக்குச் சுமார் 31,500 கோடுகள் அனுப்பும், ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். அதோடு விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வரும். டிவியின் மஞ்சள் துளையோ நிறம், வெளிச்சம் எல்லாம் கலந்து ஒரே ஓடையாக வருவதைத்தான் எதிர்பார்க்கும். வெறும் கம்பியால் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. படத்தை வாங்கி, நினைவகத்தில் வைத்து, வேறு வேகத்தில் திரும்ப வரைந்து தரும் கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும். விஜிஏ பின்களின் வழியாகவே டிவி சிக்னலை அனுப்பத் தெரிந்த சில கிராஃபிக்ஸ் கார்டுகளோடு மட்டும்தான் அந்த மலிவுக் கேபிள் வேலை செய்யும்.

எரிச்சலான சிக்கல்தான். ஆனால் நேர்மையான சிக்கல். இது இயற்பியல். ரிச்சி தெருவுக்குப் போய்க் காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்கினால் தீர்ந்தது. யாரும் உங்களிடம், இந்தப் படத்தை நீ ஏன் பெரிய திரையில் பார்க்கணும் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வயருக்குள் எப்போது நுழைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிவியை இரவல் வாங்கிய கணினி

கணினியும் டிவியும் ஆரம்பத்தில் ஒட்டிப் பிறந்தவை. 1977இல் ஆப்பிள் 2 வந்தபோது தனித் திரை வாங்குவது பெரிய செலவு. ஆனால் அமெரிக்க வீடுகளில் டிவி ஏற்கெனவே இருந்தது. அதனால் ஸ்டீவ் வோஸ்னியாக் தன் கணினியை நேரடியாக அமெரிக்க டிவி முறையிலேயே வண்ணப் படம் அனுப்பும்படி வடிவமைத்தார். அதை ஆன்டெனா துளை வழியாக உள்ளே நுழைக்க ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். அது கணினியின் படத்தை ஒரு சேனலாக மாற்றிவிடும். வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி தொலைக்காட்சி நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1982இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 36ஆம் சேனலில் தெரியும். டிவியை அந்தச் சேனலுக்குத் திருப்பினால் உங்கள் நிரல் ஓடும். 1984இல் கிளாஸ் திட்டத்தின் கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவிலும் டிவிக்கான துளை இருந்தது.

இரவல் திரைக்கு வாடகையும் உண்டு. டிவியில் ஒரு வரியில் 80 எழுத்து போட்டால் மங்கிக் குழையும், அதனால் பல வீட்டுக் கணினிகள் 40 எழுத்தோடோ அதற்கும் குறைவாகவோ நின்றன. டிவியின் விளிம்பில் படத்தின் கொஞ்சம் எப்போதும் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகும், அதனால் ஸ்பெக்ட்ரம் தன் படத்தைச் சுற்றி அகலமான வெற்று எல்லை விட்டது. இந்தப் பழக்கம் இன்றைக்கும் சாகவில்லை. புதுத் தட்டை டிவியில் லேப்டாப்பைச் செருகியதும் அடியில் உள்ள டாஸ்க்பார் பாதி காணாமல் போகிறதே, அது கண்ணாடிக் குழாய்க் காலத்து மிச்சம். டிவி மெனுவில் படத்தின் அளவை மாற்றினால் சரியாகிவிடும்.

அனுமதி என்ற விஷயம் அப்போதே ஒருமுறை தலைகாட்டியது. மாடுலேட்டர் சரியில்லையென்றால் அலைகள் கசிந்து பக்கத்து வீட்டு டிவியில் கோடு விழும். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி இதில் கறாராக இருந்தது. ஆப்பிள் மாடுலேட்டரைத் தான் விற்காமல் இன்னொரு சிறு நிறுவனத்திடம் விட்டுவிட்டது. டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் 1979இல் கொண்டுவந்த 99/4 கணினிக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. திரையும் சேர்த்தே விற்க வேண்டியதாயிற்று. விலை 1,150 டாலர்.

ஆனால் எஃப்சிசி அன்று கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். 'உன் கருவி அடுத்த வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யுமா?' அவ்வளவுதான். உன் வீட்டில் என்ன பார்க்கிறாய், பார்த்ததை என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.

1987இல் ஐபிஎம் விஜிஏவைக் கொண்டுவந்ததும் கணினித் திரை தனி வழியில் போய்விட்டது. எழுத்து கூர்மையானது, வேகம் இரட்டிப்பானது. டிவி மட்டும் பழைய தாளத்திலேயே நின்றது. 14 அங்குலப் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவிலான இடைவெளி அன்று விழுந்ததுதான். 1994இல் இன்னொரு சின்ன மாற்றம்: திரை தன் அளவு, வேகம் என்ன என்பதைக் கணினிக்குச் சொல்ல ஆரம்பித்தது. அதுவரை ஒருவழியாக இருந்த வயரில் முதல்முறையாக எதிர்த்திசையில் பேச்சு. 'நான் இன்னார், எனக்கு இது முடியும்' என்கிற அறிமுகம்தான். பின்னால் இதுவே விசாரணை ஆகும்.

கணினிக்குள் வந்த டிவி

இரவல் திரும்பியது டிவி ட்யூனரில். 2000களின் தொடக்கத்தில் நம் ஊரில் மானிட்டர் இருந்து டிவி இல்லாத இடங்கள் நிறைய. பேச்சிலர் அறைகள், ஹாஸ்டல்கள், பிள்ளை படிக்கட்டும் என்று டிவியை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகள். அங்கெல்லாம் ட்யூனர் வந்தது. அதில் இரண்டு சாதி உண்டு.

ஒன்று வெளியே வைக்கும் பெட்டி. ஃப்ரன்டெக், இன்டெக்ஸ் என்று பல பெயர்களில் கிடைத்தது. கணினியின் விஜிஏ கேபிளை இதில் செருகி, இதிலிருந்து மானிட்டருக்கு இன்னொரு கேபிள். ரிமோட்டை அமுக்கினால் கணினித் திரை போய் சன் டிவி வரும். கணினியை ஆன் செய்யவே வேண்டாம். சாதுவான பெட்டி.

இன்னொன்று உள்ளே செருகும் கார்டு, பிற்பாடு லேப்டாப்புக்கான யுஎஸ்பி குச்சி. இது சாது அல்ல. இது கேபிளில் வரும் அலையை எண்களாக மாற்றி நினைவகத்தில் கொட்டும். எண்ணாக மாறிவிட்டால் அது ஒரு ஃபைல். வைத்துக்கொள்ளலாம், வெட்டலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். அந்த மென்பொருளின் ஓரத்தில் இருந்த சிவப்பு வட்டம்தான் இந்த வரலாற்றின் நடு அச்சு. டிவி பார்ப்பவர் டிவியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஆளாகவும் ஆனார்.

ஞாபகம் என்று சொல்வது மிகையில்லை. பிபிசி 1960களிலும் 70களிலும் 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய டேப்களை அழித்தது. டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு வழியில்லை, வைக்க இடமில்லை. அப்படிக் காட்சி தொலைந்துபோன எல்லா அத்தியாயங்களுக்கும் ஒலி மட்டும் இன்று இருக்கிறது. எப்படி? ரசிகர்கள் தங்கள் வீட்டு டிவியிலிருந்து டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்ததால். சிலர் ஸ்பீக்கர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர் 1970களின் இறுதியிலிருந்து 2012இல் இறக்கும் நாள்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். சுமார் 70,000 டேப்கள். நிலையங்களே வைத்திருக்காத பல மணிநேரச் செய்தி அதில் இருக்கிறது. நம் பக்கம் வாங்க. பழைய தமிழ் விளம்பரம் ஒன்றை, ஒரு சீரியலின் டைட்டில் பாட்டை இணையத்தில் தேடிப் பாருங்கள். கிடைப்பதில் பல, ஓரத்தில் சேனல் லோகோவோடு, நடுவில் கோடு ஓடும் படமாக இருக்கும். யாரோ ஒருத்தர் வீட்டில் ரெக்கார்ட் பட்டனை அமுக்கியிருக்கிறார்.

இது சட்டப்படி சரியா என்று ஒரு நாடே வழக்காடியது. சோனியின் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டருக்கு எதிராக யூனிவர்சல் தொடர்ந்த வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் சொன்னது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதையே வேறு.

ஒரு பிட்

அந்தத் தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போகும் வழி 2003இல் கண்டுபிடிக்கப்பட்டது. டிஜிட்டல் ஒளிபரப்பில் 'இதைப் பகிராதே' என்ற அடையாளத்தைச் சேர்ப்பது, அதற்குக் கட்டுப்படும் கருவிகளை மட்டுமே 2005 ஜூலை 1க்குப் பிறகு தயாரிக்கலாம் என்று விதிப்பது. விதியைப் போட்டது அதே எஃப்சிசி. குறி வைக்கப்பட்டவற்றில் கணினி ட்யூனர் கார்டும் ஒன்று. பக்கத்து வீட்டில் கோடு விழுமா என்று கேட்டவர்கள் இப்போது உன் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கேட்க வந்தார்கள்.

அமெரிக்க நூலகச் சங்கம் வழக்குப் போட்டது. நூலகர்கள் முன்னால் நின்றது தற்செயல் இல்லை, பாதுகாத்து வைப்பது அவர்கள் தொழில். விதி நடைமுறைக்கு வர எட்டு வாரம் இருக்கும்போது, 2005 மே மாதம், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிக்னல் வந்து சேர்ந்தபிறகு கருவி என்ன செய்கிறது என்பதில் தலையிட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றார்கள்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் அதே வேலையைச் சட்டம் இல்லாமலேயே செய்யும் வயர் வந்துவிட்டது.

கேள்வி கேட்கும் வயர்

2002 டிசம்பரில் எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பு வெளியானது. சோனி, பானசோனிக், பிலிப்ஸ், தோஷிபா போன்ற நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. பயன்படுத்துகிறவருக்கு வரம்தான். படமும் ஒலியும் ஒரே கேபிளில், எந்த லேப்டாப்பும் எந்த டிவியும் ஒத்துப்போகும். பழைய இரண்டு தாளச் சண்டை முடிந்தது. தமிழ்நாட்டுக் கூடத்தில் நடக்காத சந்திப்பு ஒருவழியாக நடந்தது.

கூடவே இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற காவலும் உள்ளே ஏறியது. படம் போவதற்கு முன் லேப்டாப் டிவியைக் கேட்கும்: உன்னிடம் உரிமம் பெற்ற சாவி இருக்கிறதா? ஒவ்வொரு கருவிக்கும் 40 ரகசியச் சாவிகள் உண்டு. பதில் சரியாக இருந்தால்தான் பாதுகாக்கப்பட்ட படம் போகும். நடுவில் ஒரு பழைய புரொஜெக்டரோ, விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டரோ இருந்தால் கறுப்பு. 1980களில் வீடியோ கேசட்டுகளில் வந்த மேக்ரோவிஷன் நகல் எடுத்தால்தான் படத்தைக் கெடுத்தது. இது பார்ப்பதையே நிறுத்துகிறது.

திருட்டு நின்றதா? 2001லேயே நீல்ஸ் ஃபெர்குசன் என்ற குறியாக்க வல்லுநர் இதை உடைத்துவிட்டேன் என்றார். ஆனால் அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து ஆய்வை வெளியிடவில்லை. 2010 செப்டம்பரில் அதன் தலைமைச் சாவியே இணையத்தில் வந்தது, உண்மைதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. திருடுகிறவனிடம் சாவி இருக்கிறது. காசு கட்டிவிட்டுப் பழைய புரொஜெக்டரில் பார்க்க நினைக்கும் கல்லூரித் திரைப்பட மன்றம்தான் கறுப்புத் திரை முன் உட்கார்ந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ரிலீஸான வாரமே உள்ளூர் கேபிளில் புதுப்படம் ஓடியதைப் பார்த்து நொந்த தயாரிப்பாளர்களின் ஊர் இது. அவர்கள் நஷ்டம் கற்பனை இல்லை. ஆனால் விற்பதைத் திருடாதே என்பதும், பார்த்ததை வைத்துக்கொள்ளாதே என்பதும் வேறு வேறு. வயருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இந்தியாவில் 2011 சட்டத் திருத்தத்துக்குப் பின் கேபிளும் பூட்டிய டிஜிட்டலாக மாறி, செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. கேபிளை நேராகச் செருகி எந்தச் சேனலையும் பதிந்த ட்யூனர் கார்டுகள் அதோடு முடிந்தன. யாரும் தடை செய்யவில்லை. காது கேட்காமல் போனது, அவ்ளோதான்.

இப்போது வயரே தேவையில்லை. போனில் தொட்டால் டிவியில் படம் ஓடும். அதே போனில், பெரும்பாலான ஓடிடி செயலிகளில், ஓடிக்கொண்டிருக்கும் காட்சியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். கறுப்புச் சதுரம் வரும். அந்தப் படம் நாளைக்கு அந்தத் தளத்திலிருந்து நீக்கப்பட்டால், அதைப் பார்த்த லட்சம் பேரிடமும் அந்தச் சதுரம்தான் மிஞ்சும். டாக்டர் ஹூவின் ஒலியைக் காப்பாற்றியவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மைக்கைப் பிடித்தவர் யார் என்று அந்த டிவிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு வழியும் கிடையாது.