எடைத் தேக்கம்

உணவைக் குறைத்து, உடற்பயிற்சியும் செய்துவரும் ஒருவருக்கு முதலில் இறங்கிய உடல் எடை பிறகு வாரக்கணக்கில் அசையாமல் நின்றுவிடுவது எடைத் தேக்கம் எனப்படும். இது நோயன்று. எடை குறைக்க முயல்பவர்களில் பெரும்பாலோர் ஏதோவொரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார்கள்.

முதல் வாரங்களில் எடை மளமளவென்று இறங்குவதில் நீருக்குப் பெரும் பங்குண்டு. கல்லீரலும் தசையும் சேமித்துவைக்கும் கிளைக்கோஜன், கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். கிளைக்கோஜன் செலவானதும் அந்த நீரும் வெளியேறுகிறது. கொழுப்பு அந்த வேகத்தில் கரைவதில்லை.

உடல் இளைக்கும்போது அதன் ஆற்றல் தேவையும் குறைகிறது. சுமை குறைந்த வண்டிக்கு எரிபொருள் குறைவாகப் போதும் என்பது போன்றதே இது. ஆனால் உடல் இதோடு நிற்பதில்லை. குறைந்த எடைக்கு ஏற்ற அளவையும் தாண்டிச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் குழுவினர் ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். 30 வாரங்களில் சராசரியாக 58 கிலோ இழந்திருந்த அவர்கள், ஆறு ஆண்டுகளில் சுமார் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். அப்போதும் ஓய்வு நிலையில் அவர்கள் உடல் எரித்த ஆற்றல், எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஆய்வும் உண்டு. 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் இளைக்க முடியவில்லை என்று சொன்ன 10 பேரை நியூயார்க்கில் லிக்ட்மன் குழுவினர் ஆராய்ந்தனர் (1992). அவர்களது வளர்சிதைமாற்றம் இயல்பாகவே இருந்தது. உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தனர். இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. தாளிக்கும் எண்ணெயையும் மாலைக் காபியின் சர்க்கரையையும் யார்தான் கணக்கில் வைக்கிறார்கள்?

இரண்டையும் இணைப்பது பசி. கொழுப்புத் திசு சுருங்கினால், போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் இந்த மாற்றம் நீடித்ததை மெல்போர்ன் ஆய்வு ஒன்று 2011இல் காட்டியது. ஆகவே மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று இவர்களைக் கடிந்துகொள்வது அறிவியலுக்குப் பொருந்தாது.

உடற்பயிற்சி, தனியாக எடையைக் குறைப்பதைவிட, குறைந்த எடையைக் காப்பதற்கும் தசை கரையாமல் தடுப்பதற்கும் கூடுதலாக உதவுகிறது.

தைராய்டு சுரப்புக் குறைவு, குஷிங் நோய், சினைப்பை நீர்க்கட்டி ஆகியவையும் எடை குறைவதைக் கடினமாக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடும். இந்த மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தக் கூடாது.