ரப்பர் தளிரும் மார்த்தாண்டம் தேனும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்தின் தளிரிலிருந்து கிடைக்கிறது. இம்மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. திருவிதாங்கூரில் முதல் வணிகத் தோட்டம் 1902-இல் தட்டேக்காட்டில் உருவானது. 1956 வரை திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த, இம்மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு மலைச்சரிவுகளுக்கும் ரப்பர் பரவியது.

ரப்பருக்கு ஆண்டு முழுவதும் ஈரம் வேண்டும். ஆனால் வேரில் நீர் தேங்கக் கூடாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் செம்மண் சரிவுகள் அதற்கு ஏற்ற இடமாயின. நாஞ்சில் நாட்டின் தாழ்ந்த வயல்கள் நெல்லுக்கே உரியனவாக நின்றன. 1984-இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு ரப்பர் கழகம் அமைந்தது.

ரப்பரில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் தேனீக்கள் எடுக்கும் மது ஊறுகிறது. மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் தை முதல் பங்குனி வரையிலான காலமே தேன் பருவம். அப்போது ரப்பர் பால் குறைந்து பால்வெட்டும் தளர்ந்திருக்கும். ரப்பர் தேன் விரைவில் உறையும். அது கலப்படத்தின் அடையாளம் அல்ல, அத்தேனின் இயல்பு.

முற்காலத்தில் காணிக்காரப் பழங்குடியினர் மலைக்காட்டிலிருந்து தேன் எடுத்துவந்தனர். தேனீ வளர்ப்பு வீட்டுத் தொழிலானது 1920-களில்தான். இம்மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், சிறு விவசாயிகளின் துணை வருமானத்துக்காகச் சட்டமுள்ள மரப்பெட்டியில் இந்தியத் தேனீயை வளர்க்கக் கற்பித்தார். சட்டத்தை எடுத்துச் சுழற்றித் தேனைப் பிரித்தால் அடை அழியாது; தேனீக்கள் அதையே மீண்டும் நிரப்பும். இவ்வழியில் பரவிய சிறு பெட்டி ‘மார்த்தாண்டம் பெட்டி’ என்றே பெயர்பெற்றது. ரப்பர் பரப்பு பெருகப் பெருகப் பெட்டிகளும் தோப்புகளுக்குள் சென்றன.

1991-92-இல் தாய்லாந்து புழுப்பை நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, பெட்டிகளைக் கூட்டங்கூட்டமாக வெறுமையாக்கியது. நோயைத் தாங்கி மீந்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மீண்டது.

மழைக்காலத்தில் மது இல்லாதபோது சர்க்கரைப் பாகு ஊட்டித் தேனீயைக் காக்கின்றனர். ரப்பர் விலை சரிந்து தோப்புகள் வெட்டப்பட்டால் பால்வெட்டுக்காரரின் கூலியோடு தேனீ வளர்ப்போரின் பருவமும் போகும். இம்மாவட்டத்தில் ரப்பரைக் காப்பதும் தேனைக் காப்பதும் ஒரே வேலை.