ஆயா: ஒரு பணிப்பெயரின் வரலாறு

1. முன்னுரை

பிறர் குழந்தையைக் கூலிக்கு வளர்க்கும் பெண்ணைக் குறிக்க இந்திய மொழிகள் பலவற்றிலும் இன்று வழங்கும் சொல் ‘ஆயா’ என்பதாகும். இச்சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்பது அறிஞர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. ஆயின், அது வந்த வழியையும், அவ்வழியில் அதன் மதிப்பு மாறிய விதத்தையும் மொழிபெயர்ப்பாளர் போதிய அளவு கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை. குழந்தை வளர்க்கும் பெண்ணை ஒரு குடும்பம் எம்முறையில் அமர்த்தியதோ அம்முறையே அவளுக்கான சொல்லின் தகுதியையும் வரையறுத்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. உறவாக அமைந்த வளர்ப்பு

தமிழ் அகப்பொருள் மரபில் செவிலி கூலிக்கு அமர்த்தப்பட்டவளாகக் காட்டப்படுவதில்லை. தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். எனவே வளர்ப்பவளும் அவள் மகளும் தலைவியின் குடும்பத்தோடு தலைமுறைத் தொடர்புடையவர்கள் என்பது பெறப்படும். தலைவியின் உடன்போக்கிற்குப் பின் அவளைத் தேடிச் செல்பவளும் செவிலியே. பிற்கால நூல்கள் கூறும் ஐவகைத் தாயர் என்னும் பாகுபாடு நீராட்டல், ஊட்டல், தாலாட்டல் முதலிய பணிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டினும், அவர்கள் அனைவரையும் ‘தாய்’ என்னும் பொதுச்சொல்லில் அடக்குதல் நோக்கத்தக்கது.

வடஇந்திய வழக்கும் இதனோடு ஒப்பிடத்தக்கது. வடமொழித் ‘தாத்ரி’ என்பதிலிருந்து பிறந்த ‘தாய்’ (இந்தி வழக்கு) பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும். மேவார் மரபுவழிச் செய்தியில் இடம்பெறும் பன்னா தாய் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவள். அக்பரின் வளர்ப்புத்தாயருள் ஒருத்தியான மாகம் அனகா அரசியலிலும் செல்வாக்குப் பெற்றிருந்தாள். இவர்கள் பெயரோடு ஒட்டிய ‘தாய்’, ‘அனகா’ என்பன இழிவுப் பொருள் தராமல் சிறப்புப் பெயர்களாகவே நின்றன.

3. கூலிக்கு அமர்த்தல்

போர்த்துக்கீசியத்தில் ‘ஆயா’ என்பது உயர்குடிக் குழந்தைகளை வளர்த்துப் பயிற்றும் பெண்ணைக் குறித்தது. அதன் ஆண்பால் ‘ஆயோ’ ஆசானைக் குறிக்கும். இலத்தீன் மொழியில் பாட்டியைக் குறிக்கும் ‘அவியா’ என்பதே இதன் மூலமாகலாம் என்பர் சொற்பிறப்பியலார். இந்தியாவிலோ இச்சொல் ஐரோப்பியர் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு உரியதாயிற்று. 1779ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த கிராண்ட் – பிரான்சிஸ் வழக்கின் சாட்சியத்திலேயே இச்சொல் ஆங்கில வடிவில் பதிவாகியுள்ளது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, இச்சொல் இந்திய மொழிகள் பலவற்றிலும் புகுந்தது எனக் குறிக்கிறது.

இவ்வில்லங்களில் ஆயாவை அமர்த்துவதற்குரிய சான்று, முந்தைய எசமானி எழுதிக் கொடுத்த ‘சிட்டு’ எனப்படும் நற்சான்றுக் கடிதமாகும். ஒரு குடும்பம் தாயகம் திரும்பும்போது ஆயாவின் வேலையும் முடிந்துவிடும். அடுத்த வேலை அக்கடிதத்தைப் பொறுத்தது. தன்னைப் பற்றித் தன்னால் படிக்க இயலாத மொழியில் எழுதப்பட்ட தாளை நம்பி வாழ்ந்தவர் பலர்.

குழந்தைகளோடு கடல் கடந்து சென்ற ஆயாக்களின் நிலை இன்னும் கடினமானது. இங்கிலாந்தை அடைந்தபின் திரும்பும் வழியின்றி விடப்பட்டோரும் உண்டு. அத்தகையோர்க்கென லண்டன் ஆல்ட்கேட் பகுதியில் இயங்கிய ஆயாக்கள் இல்லம், 1900இல் லண்டன் நகர சமயப்பணி மன்றத்தின் பொறுப்பில் ஹாக்னிப் பகுதிக்கு மாறியது. இந்தியா திரும்பும் குடும்பங்களுக்கு ஆயாக்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் இடமாகவும் அது விளங்கியது. அக்கட்டடத்தில் 2022ஆம் ஆண்டு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. கப்பல் பயணியர் பட்டியல்களில் இப்பெண்கள் பலர் தம் பெயரின்றி, இன்ன எசமானியின் ஆயா என்ற அளவிலேயே குறிக்கப்பட்டுள்ளனர். பணிப்பெயர் இயற்பெயரை விழுங்கிய நிலை இது.

4. தமிழில் இரு ஆயாக்கள்

தமிழில் இச்சொல் வந்து சேர்ந்தபோது இங்கு ஏற்கெனவே ஓர் ‘ஆயா’ இருந்தாள். ‘ஆய்’ என்பது தாயைக் குறிக்கும் பழஞ்சொல். செட்டிநாட்டில் தாயின் தாய் ஆயா. வட மாவட்டங்களிலும் பாட்டியை ஆயா என்றழைக்கும் வழக்குண்டு. பாட்டியும் பணிப்பெண்ணும் ஒரே வடிவில் அமைந்தமை ஒலி ஒப்புமையால் நேர்ந்ததேயன்றிச் சொற்பிறப்பால் நேர்ந்ததன்று. எனினும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பணிபுரியும் பெண்ணை ‘ஆயாம்மா’ என்று விளிக்கும்போது உறவுப்பெயரின் சாயல் அதில் கலந்துவிடுவதை மறுக்க இயலாது.

இதே காலப்பகுதியில் ‘செவிலி’ எதிர்த்திசையில் நகர்ந்தது. அது மருத்துவமனையில் பயிற்சியும் பதிவும் பெற்ற பணியாளருக்கு உரியதாகி, ‘செவிலியர்’ எனப் பலர்பாலாக நிலைபெற்றது. ஆக, இல்லத்தில் இருந்த சொல் தொழிற்கல்வியோடு சேர்ந்து உயர்ந்தது. அரண்மனையிலிருந்து வந்த சொல் கூலியோடு சேர்ந்து தாழ்ந்தது.

5. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியவை

முதலாவது, குடியேற்றக் காலப் பனுவல்களில் வரும் ஆயாவைச் ‘செவிலி’ எனப் பெயர்த்தல் பொருந்தாது. அது கூலி உறவை மறைத்து, இல்லாத உரிமையை அப்பெண்ணுக்கு ஏற்றிவிடும்.

இரண்டாவது, செட்டிநாட்டுக் கதையில் வரும் ஆயாவை ஆங்கிலத்தில் அப்படியே ஒலிபெயர்த்தால் குடும்பத் தலைவி பணிப்பெண்ணாகிவிடுவாள். சூழல் நோக்கிப் பாட்டி எனப் பெயர்த்தலே தக்கது.

மூன்றாவது, இக்கால ஆவணங்களுக்குரிய சொல். குடும்பங்கள் ஆளமர்த்தும்போது ‘குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்’ என்றே பெரும்பாலும் கூறுகின்றன. ‘ஆள்’ என்ற சொல்லில் பணியின் பெயரும் இல்லை, வரம்பும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் பாத்திரமும் துலக்க நேர்வதற்கு இப்பெயரின்மையும் ஒரு காரணம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை (2011) வீட்டுப் பணியைப் பிற பணிகளுக்கு நிகரான வேலையாக வரையறுக்கிறது. தமிழ்நாட்டில் 2007இல் அமைந்த நலவாரியமும் ‘வேலைக்காரி’ என்பதை விலக்கி ‘வீட்டுப் பணியாளர்’ என்பதையே தன் பெயரில் ஏற்றது. இவ்வழியில் ‘குழந்தைப் பராமரிப்பாளர்’ என்னும் சொல்லை ஒப்பந்தங்களிலும் சட்டப் பெயர்ப்புகளிலும் ஆளலாம். பேச்சு உரையாடலில் அது செயற்கையாக ஒலிக்கும். அங்கு ‘ஆயாம்மா’வோ ‘அக்கா’வோ நிற்கட்டும்.

விளிப்பெயர் அன்பைக் காட்டும். பணிப்பெயரே வேலையின் எல்லையையும் ஊதியத்தையும் காட்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுசெய்ய இயலாது. பெயர்ப்பாளர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும்.